வாப்பாவின் நோக்கியா ஈ90: வைத்திருப்பதா, மாற்றுவதா?



போன கிழமை வாப்பாவின் போனைப் படமெடுத்துப் போட்டதிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்விகள். “டீச்சர், இது இன்னும் வேலை செய்யுதா?” “விக்கிற எண்ணம் இருக்கா?” “எங்கட மாமாவுக்கும் இப்படி ஒன்டு தேடுறோம், எடுக்கலாமா?” தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை, அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

விற்கிற எண்ணம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மாற்றுகிற பேச்சு வீட்டில் நடந்தது. கட்டாரில் இருக்கும் நானா, “வாப்பாவுக்கு நல்ல ஸ்மார்ட் போன் ஒன்டு வாங்கிக் குடுப்போம், பேரப்பிள்ளைகளைப் பாத்துக் கதைக்கலாம்” என்றார். வாப்பாவோ, “இந்தப் போன் என்ன குத்தம் செஞ்ச மகள்?” என்று என்னிடம் கேட்டார். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதனால் பாடசாலை விடுமுறையில் அந்தப் போனை எடுத்து, ஒரு பிள்ளையின் கொப்பியைத் திருத்துவது போல, எது சரி எது பிழை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் இது என்ன போன் என்று சொல்ல வேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மடித்துத் திறக்கும் போன்களில் பேர் பெற்ற மோட்டோரோலா ஸ்டார்டெக் 1996இல் வந்தது. அதே வருடம்தான் நோக்கியா ‘கொம்யூனிகேட்டர்’ வரிசையின் முதல் போனான 9000ஐ வெளியிட்டது. வெளியே பார்த்தால் போன், புத்தகம் போலத் திறந்தால் உள்ளே ஒரு சின்னக் கம்பியூட்டர். நிறை 397 கிராம். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுபடும். அதன் பிறகு 9110, 9210, 9500 என்று வந்து, 2007 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டதுதான் ஈ90. நிறை 210 கிராமாகக் குறைந்தது. அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னர், ஜனவரி 9இல், அப்பிள் நிறுவனம் முதல் ஐபோனைக் காட்டியிருந்தது. ஒரு காலம் முடியப்போகிற நேரத்தில் வந்த போன் இது என்பது அன்று யாருக்கும் விளங்கவில்லை.

வாப்பா அப்போது புறக்கோட்டை கெய்சர் வீதியில் துணி மொத்த வியாபாரம். அந்தத் தெருவில் இதை வைத்திருந்தவர் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். விலை ஒரு ஆசிரியரின் பல மாதச் சம்பளம். “பெரிய ஆள் என்று காட்டவா வாங்கினீங்க?” என்று ஒரு முறை கேட்டேன். “இல்ல மகள், பில்லும் கணக்கும் ஒரே இடத்தில இருக்கட்டும் என்டு” என்றார். சொன்னது போலவே பாவித்தார் என்பதற்கு அந்தப் போனே சாட்சி. அதைக் கீழே சொல்கிறேன்.

இனி, எது இன்னும் சரியாக இருக்கிறது என்று பார்ப்போம்.

கதைப்பது. இதில் முழுப் புள்ளியும் கொடுக்கலாம். குரல் தெளிவு, வெளியே இருக்கும் இலக்கப் பட்டன்கள் பெரியவை, விரலுக்குத் தட்டுப்படும். வாப்பாவுக்கு இப்போது கிட்டப் பார்வை குறைவு. கண்ணாடி இல்லாமலே நம்பர் அடிக்கிறார். கதைத்துக்கொண்டிருக்கும்போது போனைத் திறந்தால் ஒலிபெருக்கிக்கு மாறிவிடும். காது கொஞ்சம் மந்தமானவருக்கு அது பெரிய உதவி. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் சிக்னல் நன்றாக இருக்கிறது. அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னர் பக்கத்தில் இருக்கும் ரேடியோ ‘டிட்டிட் டிட்’ என்று இரையும். அந்தக் காலத்துப் போன்கள் எல்லாம் அப்படித்தான். வாப்பா அதைக் கேட்டே எழும்பிவிடுவார்.

எழுதுவது. திறந்தால் உள்ளே முழு எழுத்துப் பலகை, 4 அங்குல அகலத் திரை. இரண்டு பெருவிரலாலும் அடிக்கலாம். கண்ணாடித் திரையில் ஒன்றைத் தொட இன்னொன்று விழும் தொல்லை இல்லை.

பெட்டரி. பின் மூடியைக் கழற்றி நாமே மாற்றலாம். 1500 எம்.ஏ.எச், பெயர் பிபி-4எல். இதே பெட்டரி நோக்கியா ஈ71, ஈ63, ஈ72, என்97 எல்லாவற்றுக்கும் போனது. அதனால்தான் இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் கிடைக்கிறது. புதியது போட்டால், அழைப்புக்கு மட்டும் பாவிப்பவருக்கு மூன்று நாள் போகிறது. பெட்டரி செத்தால் போனையே வீசவேண்டிய இன்றைய நிலைமையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நினைவு. இதுதான் என்னை நிறுத்தி வைத்த இடம். பெயர்ப் பட்டியலில் எண்ணூறுக்குக் கிட்டப் பெயர்கள். சாரம் தருபவர், லேஸ் வாங்குபவர், லொறி, வங்கி. கொட்டாஞ்சேனைத் தையல்காரர்கள் மட்டும் பதினொரு பேர். ‘குறிப்பு’ப் பகுதியில் கடன் கணக்கு. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யார் எவ்வளவு தரவேண்டும், கொடுத்து முடித்ததற்கு நேரே ஒரு சின்னப் பெருக்கல் குறி. கடைசி வரியில், “இதெல்லாம் என் மௌத்துக்குப் பிறகு பிள்ளைகள் பார்க்கவும்” என்று ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதி வைத்திருக்கிறார். கடையை மூடிப் பல வருடம். கடைசியாகப் போட்ட பெருக்கல் குறி போன ரமழானில். ஒரு போனின் பெறுமதி என்ன என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன சொல்ல?

இனிப் பிழைகள்.

முதலாவது, தமிழ் தெரியாது. தமிழில் வரும் எஸ்.எம்.எஸ். எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. சிங்களமும் அப்படியே. வங்கியோ அரச அலுவலகமோ மூன்று மொழியில் அனுப்பினால் ஆங்கிலப் பகுதியை மட்டும் வாசிக்கலாம். கணக்கும் பில்லும் தெரிந்த போனுக்கு அதை வாங்கியவருடைய மொழி தெரியாது. பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய ஒரு விடயமும் இதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் 160 எழுத்துப் போகும், தமிழில் 70தான். அதிலும் பெரும்பாலான உயிர்மெய்யை அது இரண்டாக எண்ணும். ‘கொழும்பு’ நமக்கு நாலு எழுத்து, போனுக்கு எட்டு.

இரண்டாவது, இணையம் கிட்டத்தட்ட இல்லை. வைஃபை இருக்கிறது, ஜி.பி.எஸ். கூட இருக்கிறது. ஆனால் இன்றைய இணையத்தளங்களின் பாதுகாப்புப் பூட்டுகள் எல்லாம் மாறிவிட்டன, இதனிடம் இருப்பது பழைய சாவி. மின்னஞ்சலும் அதே கதை. வட்ஸ்அப் ஒரு காலத்தில் இதில் இருந்தது. சிம்பியன் போன்களுக்கு அதை 2017 ஜூன் 30உடன் நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவது, ஆயுள். இது 2ஜியும் 3ஜியும் மட்டும் தெரிந்த போன். 4ஜி தெரியாது. அவுஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா 2016 டிசம்பரிலும், சிங்கப்பூரில் எல்லா நிறுவனங்களும் 2017 ஏப்ரலிலும் 2ஜியை மூடின. நமது நாட்டிலும் பழைய அலைவரிசைகளை மூடுகிற நாளில் இது கடிகாரமும் குறிப்புப் புத்தகமும் மட்டும்தான். அது போனின் குற்றமல்ல. ஆனால் வாங்க நினைப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

எனவே “எடுக்கலாமா?” என்று கேட்டவர்களுக்கு: ஞாபகத்துக்காகவோ சேகரிப்பதற்காகவோ என்றால் எடுங்கள். வயதானவரின் அன்றாடப் பாவனைக்கு என்றால், பெரிய பட்டன் வைத்த புதிய மடிப்புப் போன்கள் இருக்கின்றன, அதில் 4ஜி உள்ளதைப் பாருங்கள். பழையதேதான் வேண்டுமென்றால் கடையில் நின்றே சில விடயங்களைப் பாருங்கள். இருபது தரம் திறந்து மூடுங்கள். மடிப்பின் ஊடாகப் போகும் மெல்லிய நாடாக் கேபிள்தான் இந்த ரகப் போன்களில் முதலில் தேய்வது. அது போனால் உள்திரை மினுங்கும் அல்லது கறுத்துப்போகும். பெட்டரியைக் கழற்றிக் கண்ணாடி மேசையில் வைத்துச் சுழற்றுங்கள். பம்பரம் போலச் சுற்றினால் அது வீங்கியிருக்கிறது, வேண்டாம். *#06# அடித்து ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுங்கள். ஐ.எம்.இ.ஐ. என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் எழுதி 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமிருந்து பதில் வரும். சிம்மை இப்போதைய சின்ன அளவுக்கு உடைத்துவிடாமல் பெரிய சட்டத்தோடே வைத்திருங்கள்.

இவ்வளவும் போனைப் பற்றியது. இனி நான் உண்மையில் எழுத வந்தது.

சில மாதங்களுக்கு முன்னர் வாப்பாவின் நாற்பது வருடக் கூட்டாளி ஒருவர் மௌத்தானார். புறக்கோட்டையில் பக்கத்துப் பக்கத்துக் கடை. பெருநாளைக்கு முதல் நாள் ஒருவர் கல்லாவில் மற்றவர் உட்காரும் அளவுக்கு நம்பிக்கை. சுபஹுக்குப் பிறகு மௌத், லுஹருக்குப் பிறகு ஜனாஸா. செய்தி ஜமாஅத் குரூப்பில் வந்தது, குடும்பக் குரூப்பில் வந்தது, பழைய வியாபாரிகள் குரூப்பிலும் வந்தது. நான் கொட்டாஞ்சேனையில் வகுப்பில் நின்றேன், பாடசாலை நேரத்தில் போன் பையில்தான் இருக்கும். உம்மா மௌத்தான பிறகு பகலில் வாப்பா வீட்டில் தனியே. அவருடைய ஈ90 முழுச் சார்ஜில், முழுச் சிக்னலோடு, மேசையில் கிடந்தது. ஒருவரும் அதற்கு அடிக்கவில்லை.

அஸர் தொழப் போன இடத்தில்தான் கேள்விப்பட்டார். அதற்குள் அடக்கி முடிந்துவிட்டது. “எல்லா குரூப்பிலயும் போட்டோமே ஹாஜியார்” என்று சொன்னார்களாம். சொன்னவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. எல்லாரும் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று நினைத்தார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது வாப்பா, “எனக்கி ஒத்தரும் சொல்லல்லயே மகள்” என்று மட்டும் சொன்னார். பிறகு இரண்டு நாள் அதிகம் கதைக்கவில்லை.

அந்த வாரம்தான் நானா ஸ்மார்ட் போன் பேச்சை எடுத்தார். அவர் பார்வையில் தீர்வு லேசானது. வாப்பாவின் கையிலும் வட்ஸ்அப்பைக் கொடுத்துவிட்டால் சரி. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் போனைச் சோதித்து முடித்தபோது எனக்கு விளங்கியது வேறு. ஜனாஸாச் செய்தியைச் சொல்ல ஒரு போனுக்கு என்ன தேவையோ அதெல்லாம் அந்த ஈ90இல் இருந்தது. மணி அடிக்கும், குரல் கேட்கும், எஸ்.எம்.எஸ். எடுக்கும். அவர் வாசலில்தான் நின்றார். நாங்கள்தான் வேறு வாசலில் கூடி நின்று செய்தி சொன்னோம்.

அந்த வேறு வாசல் எந்நேரமும் திறந்திருக்கும் என்றும் இல்லை. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் ஒரு கிழமை அளவுக்கு மூடப்பட்டன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்த பிறகு மறுபடி மூடினார்கள், மாத முடிவு வரை. மே மாதம் நமது ஊர்கள் தாக்கப்பட்டபோது திரும்பவும். 2022 ஏப்ரல் 3இலும் சில மணித்தியாலங்கள். நாம் ஆளுக்கு ஆள் விசாரிக்க வேண்டிய நாட்கள் எவையோ, அந்த நாட்களில்தான் அந்த வாசல் சாத்தப்பட்டது.

அந்த உயிர்த்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வட்ஸ்அப் போகவில்லை என்று என் வயதுக்காரர்கள் எல்லாம் வி.பி.என். தேடிக்கொண்டிருந்தோம். வாப்பா அந்தப் பதினொரு தையல்காரர்களில் கிறிஸ்தவர்களாக இருந்தவர்களின் நம்பர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார். லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். பின்னேரம் ஆகும்போது எல்லார் குரலையும் கேட்டுவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். அவர்களில் ஒருவர், “ஹாஜியார், நீங்க எடுத்ததே போதும்” என்று சொல்லி அழுதாராம். அன்று ஒரு முஸ்லிம் பெயர் போனில் விழுவது அவருக்கும் லேசாக இருந்திருக்காது, அடித்தவருக்கும் லேசாக இருந்திருக்காது. ஆனால் பெயரும் நம்பரும் இருந்தது, அடித்தார், எடுத்தார்.

பாடசாலையிலும் இதே கதைதான். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடமெல்லாம் வட்ஸ்அப் குரூப்புக்குப் போனது. என் வகுப்பில் சில பிள்ளைகளின் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பட்டன் போன், அதுவும் வேலைக்குப் போகும் தகப்பனின் பையில். பயிற்சியை இரவில் அழைத்து வாயால் சொல்லி எழுதவைத்தோம். பிள்ளைகள் திரும்ப வந்தார்கள், கொரோனா போனது, ஆனால் பழக்கம் போகவில்லை. இன்றும் பல இடங்களில் நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்பது இரவு ஒன்பது மணிக்குக் குரூப்பில்தான் வருகிறது. உம்மாவிடம் அந்தப் போன் இல்லாத பிள்ளை காலையில் வெறுங்கையோடு நிற்கிறது. அதைப் பார்த்து ‘கவனயீனம்’ என்று நாம் எழுதுகிறோம். என் வகுப்பில் எல்லா அறிவித்தலையும் பிள்ளையின் குறிப்புக் கொப்பியில் எழுதவைத்துத்தான் அனுப்புகிறேன். குரூப்பில் போடுவது அதற்குப் பிறகு. ஐந்து நிமிடம் கூடப் போகும், அவ்வளவுதான்.

வாப்பாவின் விடயத்தில் கடைசியாக எடுத்த முடிவு இது. ஈ90 அவரிடமே இருக்கும். அதில் இருந்த பெயர்கள் எல்லாவற்றையும் புளூடூத் மூலம் என் போனுக்கு அனுப்பி, ஒரு பிரதி நானாவுக்கும் கொடுத்தாகிவிட்டது. கடன் குறிப்பை ஒரு கொப்பியில் வாப்பாவின் கையாலேயே எழுதி எடுத்தோம். பேரப்பிள்ளைகளோடு ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பிறகு என் போனில் முகம் பார்த்துக் கதைக்கிறார். நானாவின் ஆசையும் நிறைவேறியது. 2ஜி மூடுகிற நாள் வந்தால் 4ஜி உள்ள மடிப்புப் போன் ஒன்று வாங்குவோம், இன்ஷா அல்லாஹ். மடிப்பதாக இருக்க வேண்டும் என்பது வாப்பாவின் நிபந்தனை. “கதச்சி முடிஞ்சா மூடின சத்தம் கேக்கோணும்” என்கிறார்.

பள்ளி நிர்வாகிகளுக்கும் வாலிபர்களுக்கும் என்னுடைய வேண்டுகோள் ஒன்றுதான். குரூப்பை விடச் சொல்லவில்லை. அது நல்ல வசதி, நானும் பாவிக்கிறேன். அதோடு ஒரு கொப்பி வையுங்கள். வட்ஸ்அப் இல்லாதவர்களின் பெயரும் நம்பரும் மட்டும். ஒரு மஹல்லாவில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள், அவ்வளவுதான். ஜனாஸாச் செய்தி வந்தால் இரண்டு வாலிபர்கள் ஆளுக்கு இருபது அழைப்பு எடுத்தால் அரை மணித்தியாலத்தில் முடியும். எஸ்.எம்.எஸ். அனுப்புவதாக இருந்தால் ஆங்கில எழுத்தில், பெயர், தொழுகை நேரம், அடக்கும் இடம் என்று மூன்றே மூன்று விடயம். கட்டம் கட்டமாகத் தெரியாது, ஒரே செய்தியில் அடங்கும். பள்ளி வாசலில் உள்ள பலகையிலும் எழுதிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் பட்டன் போன் பாவிக்கும் வாப்பாவோ, உம்மும்மாவோ, மாமாவோ இருந்தால் அவருடைய நம்பரை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். யாராவது கேட்டு வருவார்கள் என்று பார்த்திருக்க வேண்டாம். எங்கள் பள்ளிக் கொப்பியில் முதல் நம்பர் வாப்பாவுடையது. போன கிழமை ஒரு ஜனாஸாவுக்கு அவருக்கு மூன்று பேர் அடித்தார்கள். “ஒருத்தர் அடிச்சா போதும் என்டு சொல்லு மகள்” என்று சொன்னாலும் முகத்தில் சந்தோசம்.

பி.கு: நல்ல பிபி-4எல் பெட்டரி எந்தக் கடையில் கிடைக்கும் என்று பாவித்துப் பார்த்தவர்கள் கொமெண்டில் போடுங்கள். கடைக்காரர் ‘ஒரிஜினல்’ என்று சொன்னதை மட்டும் நம்பிச் சொல்ல வேண்டாம்.